சனிக்கிழமை நாடகமும் உன் அக்காவின் கடிதங்களும்

தம்பி,

நீ மட்டக்களப்புக்குப் போகாதே. இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்தால் எனக்குத் தைரியம் போய்விடும். உன் அக்கா புஷ்பம் அங்கே இல்லை. நீ விசாரிக்கப் போகிற சர்ச்சுக்குப் பின்னால் அவள் வீடும் இல்லை. அவள் புருஷன் என்று நீ கல்யாணப் பத்திரிகையில் போடச் சொல்லியிருக்கிற நடராஜா என்று ஒருவனும் கிடையாது, அவள் மகள் ரஞ்சனியும் கிடையாது. போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில், "டிக்கெட் போட்டுட்டேம்ப்பா. மக கல்யாணத்துக்கு அத்தை வந்து நின்னாத்தான் நல்லாருக்கும். நானே நேருல போயி பத்திரிகை வெச்சுட்டு வந்தர்றேன்" என்றாய். நான் "சரிப்பா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.  வாயால் சொல்ல முடியாததை எழுதுகிறேன்.

எனக்கு வாய்க்கொழுப்பு அதிகம் என்பது உனக்குத் தெரியும், எழுதினாலும் அப்படித்தான் வரும், பொறுத்துக்கொண்டு படி. இதை நீ ஒளித்து வைக்க வேண்டியதில்லை. உன் மனைவிக்குக் காட்டு, கல்யாணப் பெண்ணுக்கும் காட்டு. இந்தக் கட்டபெட்டுப் பக்கத்துத் தோட்டத்து லயத்து வீடுகளில் இன்னும் உயிரோடு இருக்கிற நம் சிலோன்காரர்கள் யார் கேட்டாலும் வாசித்துக் காட்டு. அவர்களிலும் என்னைப் போல ஒருத்தன் இருப்பான்.

போன தீபாவளிக்கு நீங்கள் வந்திருந்தபோது உன் பொண்டாட்டியும் மகளும் போனைச் செம்பில் சாய்த்து வைத்துக்கொண்டு ஏதோ கொரிய நாடகம் பார்த்தார்கள். அடுத்த பாகம் தை மாதம்தான் வரும் என்று உன் மகள் அங்கலாய்த்தாள். நீ, "பாசையும் தெரியாது ஒரு மண்ணும் தெரியாது, கீழ ஓடற எழுத்தப் படிச்சுப்போட்டு அழுவறாளுக பாருங்கப்பா" என்று கேலி செய்தாய். நான் உன்மேல் எரிந்து விழுந்தேன். "ஒனக்கு என்னாடா தெரியும் அதப் பத்தி" என்று கத்தினேன். கிழவனுக்கு என்ன வந்தது என்று எல்லோரும் முழித்தீர்கள். கீழே ஓடுகிற எழுத்தைப் படித்துத்தான் உன் அம்மாவை நான் கொன்றேன், தம்பி. கொஞ்சம் கொஞ்சமாக, அவள் சம்மதத்தோடே.

முதலில் புஷ்பம் ஏன் அங்கே நின்றாள் என்பதைச் சொல்ல வேண்டும். "அக்கா பேப்பரு லேட்டாயிருச்சு" என்றுதான் உனக்குச் சொல்லி வளர்த்தோம். ஏன் லேட்டானது என்று நீயும் கேட்டதில்லை. பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் நாம் இருந்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. பெரிய கிளாக்கரிடம் போய், "பதினஞ்சு முடிஞ்சுருச்சுங்க ஐயா, ஆளு வளத்தி கம்மி" என்று சொல்லி செக்ரோல் பதிவில் அவளுக்குப் பேர் போட்டேன். பிள்ளைகளின் வயதைக் கூட்டிச் சொல்லிக் கொழுந்து பறிக்க அனுப்பாத அப்பன் அந்த லயத்தில் எவனும் இல்லை. கிளாக்கருக்கும் தெரியும். அந்த மூன்று வயது அப்படியே எல்லாக் காகிதத்திலும் ஏறிவிட்டது. ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போகிற முறை வந்தபோது அவளுக்கு நிஜத்தில் பதினாறு, காகிதத்தில் பத்தொன்பது. பதினெட்டைத் தாண்டிய பிள்ளைகளுக்குக் குடும்பத்தோடு பாஸ்போர்ட் கிடையாது, தனியாக எழுதிப் போட வேண்டும் என்றார்கள். எனக்கும் அம்மாவுக்கும் ஒன்பது வயதான உனக்கும் வந்தது, அவளுக்கு வரவில்லை. வயது பொய் என்று சொன்னால் உள்ளே போட்டுவிடுவார்களோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். பதுளை டவுனில் ஒரு ஜவுளிக்கடை முதலாளி வீட்டில் பிள்ளை பார்க்க அவளை விட்டோம். ஸ்டேஷனில் உன் அம்மா, "ஆறு மாசத்துல வந்துருவடி, மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காத" என்றாள். புஷ்பம் அழவில்லை. உன் சட்டைப் பொத்தானைச் சரி பண்ணிக்கொண்டே நின்றாள்.

இங்கே வந்த கதை உனக்குத் தெரியும். மண்டபம் முகாம், அப்புறம் இந்த மலைத் தோட்டம், ஒரே அறையில் சாக்குத் தடுப்புப் போட்டு இரண்டு குடும்பம். உன்னை ஹாஸ்டலில் சேர்த்தோம், சனி ஞாயிறு வருவாய். கட்டபெட்டுக் கடைவீதியில் பழனிச்சாமி என்று டீக்கடைக்காரர் ஒருவர், கீழ்நாட்டிலிருந்து மலையேறி வந்தவர், ஒரு டி.வி. வாங்கி வைத்தார். இந்திய டி.வி. இந்த மலைக்கு வராத காலம் அது. அவர் கடைக்குப் பின்னால் மேட்டில் தென்னை உயர ஆன்டெனாக் கம்பம் நட்டுத் தெற்கே திருப்பி வைத்தார். வானம் வெளுத்திருந்தால் இலங்கை டி.வி. விழும். சனிக்கிழமை சாயங்காலம் அதில் ஒரு இங்கிலீஷ் நாடகம். கடலோரத்தில் சத்திரம் நடத்துகிற ஒரு விதவைக் கிழவி, அவளுக்கு மூன்று பையன்கள், மூத்தவன் கப்பலுக்குப் போகிறவன். பேசுவது இங்கிலீஷ், கீழே ஓடுவது சிங்கள எழுத்து. கடையில் இருந்த ஐம்பது பேருக்கும் இரண்டும் தெரியாது. நான் இளவட்டத்தில் பதுளையில் ஒரு சிங்கள முதலாளியின் பேக்கரியில் இருந்தவன், அந்த எழுத்து எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. முதல் நாள் வாய் சும்மா இருக்காமல் நான் ஒரு வரியைத் தமிழில் சொல்லப்போக, பழனிச்சாமி, "ஏனுங்கண்ணா, உங்களுக்கு அது படிக்கத் தெரியுங்களா? அட, முன்னால வந்து உக்காருங்க!" என்று பெஞ்சை இழுத்துப் போட்டார். அன்றிலிருந்து நான் சொல்லித்தான் நாடகம். இந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் மரியாதை அது. எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே ஏறிப்போனது.

உன் அம்மாவுக்கு அந்த நாடகத்தின் மேல் பைத்தியம். வெள்ளைக்காரப் பேர்கள் வாயில் நுழையாது. கிழவிக்குச் சத்திரத்தம்மா என்று பேர் வைத்தாள், பையன்களுக்குப் பெரியவன், நடுவுளவன், சின்னவன். பைத்தியத்துக்குக் காரணம் கதை மட்டும் இல்லை. புஷ்பம் இருந்த முதலாளி வீட்டிலும் டி.வி. இருந்தது. "இந்நேரம் அவளும் பாத்துக்கிட்டுதான் இருப்பா" என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டுத்தான் உட்காருவாள். வானம் மூடிப் படம் விழாத சனிக்கிழமைகளில் நடந்ததைப் புஷ்பம் எழுதிவிடுவாள். "அம்மா, போன கிழமை உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது, இங்கேயே இடியும் மழையும். சின்னவன் பரீட்சையில் பெயிலு. சத்திரத்தம்மா அடிக்கலை, பாலைக் காய்ச்சிக் குடுத்தா. நீங்களா இருந்தா விளக்குமாத்தைத் தூக்கியிருப்பீங்க" என்று எழுதுவாள். உன் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான் வாசிக்க வாசிக்கக் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பாள். மறுநாள் அந்தக் கதையைக் கொழுந்துக் காட்டில் வரிசை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போவாள். அவள் பதிலை நான் எழுதுவேன்: "சத்திரத்தம்மாவுக்கு இருமல் தேவலையான்னு பார்த்து எழுது. நீயும் குளிருல தலைக்குத் துண்டு கட்டு." இரண்டு மலைக்கும் நடுவில் இருந்த கடலை அவர்கள் இரண்டு பேரும் இப்படித்தான் தாண்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்த வருஷம் ஆனி மாதத்திலேயே மழை பிடித்துவிட்டது. கடைசியாகப் பார்த்த சனிக்கிழமை, பெரியவன் போன கப்பல் புயலில் மாட்டிக்கொண்டது, கிழவி கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு துறையில் நின்றாள். அதோடு மேகம் இறங்கியது. ஆடியில் அங்கே கலவரம். ரேடியோவில் கேட்டோம். உன் அம்மா சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பிரட்டுக்குப் போகவில்லை, வாசல்படியில் உட்கார்ந்து தபால்காரர் வருகிற வழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உடனே கிளம்பி வா" என்று நான் பதுளைக்கு எழுதினேன். ஒரு மாதத்துக்கு மேல் கழித்து அந்தக் கடிதம் தேயிலை பேக்டரி ஆபீசுக்குத் திரும்பி வந்தது. உறையின் மேல் அங்கத்துத் தபால்காரர் யாரோ பென்சிலால் சிங்களத்தில் எழுதியிருந்தார். வீடு எரிந்துவிட்டது, இருந்தவர்கள் போன இடம் தெரியாது. நீட்டாக, அழகான கையெழுத்து. ஆபீசில் இருந்தவர்கள், "என்னாண்ணே எழுதியிருக்கு?" என்றார்கள். "ஸ்டாம்பு பத்தலையாம்" என்றேன். இந்த மலையில் அதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருத்தன். நான் சொன்னால்தான் அது நடந்ததாகும் என்று எனக்கு ஒரு புத்தி. அதைவிடப் பெரிய முட்டாள்தனம் நான் என் ஆயுளில் செய்ததில்லை.

அன்று மத்தியானம் கொழுந்து வாட்டுகிற கொட்டகைப் பக்கம், ஆள் இல்லாத ஒரு மூலையில் உட்கார்ந்து எழுதினேன். புஷ்பத்தின் உருண்டை எழுத்து எனக்கு மனப்பாடம். நாங்கள் எல்லோரும் பத்திரமாக மட்டக்களப்புக்கு வந்துவிட்டோம், முதலாளிக்கு இங்கே சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், கடல் உள்ளே வந்த ஏரி மாதிரி ஒரு களப்பு இருக்கிறது, சர்ச்சுக்குப் பின்னால் வீடு. மட்டக்களப்பை நான் பார்த்தது பதுளை பேக்கரியில் தொங்கிய ஒரு காலண்டரில். அந்தப் படத்தில் ஒரு சர்ச்சும் தண்ணீரும் இருந்தன. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த மட்டக்களப்பு. எழுதி முடித்துப் பார்த்தால் அது அவள் கடிதம் மாதிரியே இல்லை. நாடகம் இல்லாமல் அவள் எழுதவே மாட்டாள், உன் அம்மா மோப்பம் பிடித்துவிடுவாள். அதனால் நாடகத்தையும் எழுதினேன். பெரியவன் கப்பல் தப்பி வந்துவிட்டது. நடுவுளவனுக்கும் பள்ளிக்கூட டீச்சருக்கும் கல்யாணம். சத்திரத்தம்மா கறுப்புக் கோட்டைக் கழற்றிவிட்டாள். புஷ்பத்தின் பழைய உறை ஒன்றில் அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து வாசித்தேன். "பாத்தீங்களா, நான் சொல்லல, எம்புள்ள சூதானமானவ" என்று கத்திக்கொண்டு உன் அம்மா எழுந்து போய் முகம் கழுவி உலை வைத்தாள். சோறு சாப்பிட்டாள், தம்பி. அதைப் பார்த்த எனக்குப் பொய்யென்றே தோன்றவில்லை. மழை முடிகிற வரை இன்னும் மூன்று கடிதம் எழுதினேன். சனிக்கிழமை நீ வரும்போதெல்லாம் உனக்கும் வாசித்துக் காட்டச் சொல்வாள். கடையில் எல்லோருக்கும் கதையைச் சொல்லிவிட்டாள்.

தை பிறந்தது, வானம் வெளுத்தது, டி.வி.யில் படம் விழுந்தது. அந்தச் சனிக்கிழமை நீயும் இருந்தாய், ஞாபகம் இருக்குமோ என்னவோ. நாடகத்துக்கு முன்னால் அறிவிப்புச் செய்கிற பெண் சிங்களத்தில் சொன்னாள்: போன ஆனியோடு நிறுத்தி வைத்த நாடகம், விட்ட இடத்திலிருந்து இன்று மறுபடியும் ஆரம்பம்.  இத்தனை மாதமும் அந்த நாடகம் போடப்படவே இல்லை. திரையில் அதே புயல், அதே கப்பல், அதே துறையில் அதே கறுப்புக் கோட்டோடு கிழவி. கடையே உன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தது. பழனிச்சாமி, "ஏனுங்க்கா, உங்க புள்ளை, நடுவுளவனுக்குக் கல்யாணமே ஆயிப்போச்சுன்னு எழுதியிருந்தாள்னீங்க? இங்க கப்பலே இன்னும் கரைக்கு வரலீங்களே!" என்றார். உன் அம்மா என்னைப் பார்த்தாள். ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். அப்புறம் அவர் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டே, "அவ அங்க இன்னொரு நாடகமும் பாக்குறாங்க. ரெண்டயும் போட்டுக் கொழப்பி எழுதியிருக்கா, கிறுக்கச்சி" என்றாள். "நீங்க சொல்லுங்க, கெழவி என்னா சொல்றா?" என்று என்னைத் தட்டினாள். நான் சொன்னேன். அந்த அரைமணி நேரமும் ஒரு வரி விடாமல் வாசித்துச் சொன்னேன்.

வீட்டுக்கு நடந்தோம். நீ முன்னால் ஓடிக்கொண்டிருந்தாய். வந்ததும் தண்ணீர் விழுகிற பீலிக்கரைக்குப் போய்ச் சட்டியைக் கழுவினாள். கழுவின சட்டியையே திரும்பத் திரும்பக் கழுவினாள், தோள் குலுங்கியது. நான் வாசலில் நின்று பார்த்தேன். போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் அங்கேயே கொட்டியிருக்க வேண்டும். நான் கோழை, உள்ளே வந்துவிட்டேன். உனக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லைதான், ஆனாலும் சொல்கிறேன்: உன் பொண்டாட்டி எப்போதாவது அப்படி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றால் உள்ளே வராதே. வெளியே போ.

பத்து நாள் கழித்து அவளே கேட்டாள். "இந்தாங்க, புஷ்பம் லெட்டரு ஒண்ணுங் காணோமே?"  "வரும்" என்றேன். "வந்தா, அவளுக்கு மாப்பிள்ள கீப்பிள்ள பாக்குறாங்களான்னு பாருங்க. தையோட இருவது ஆகுதுல்ல" என்று சொல்லிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு போனாள். கிளாக்கரின் வயதில்லை, நிஜ வயது. அவளுக்குத் தெரிந்துவிட்டது, தெரிந்தே கேட்கிறாள் என்பது எனக்கும் தெரிந்துவிட்டது. அந்த வாரமே எழுதினேன். அதற்கப்புறம் நீ மனப்பாடமாக வைத்திருக்கிறாயே, அந்தக் கடிதங்கள் எல்லாம் உன் அம்மா சொல்லி நான் எழுதியவை. "பஸ் ஓட்டுறவன்னா தேவல, குடிக்காதவனா இருக்கணும்" என்பாள், நடராஜா வந்தான். "தலப்பிரசவம், சொகமா ஆயிருக்கும்" என்பாள், ரஞ்சனி பிறந்தாள். அந்தப் பேரும் அவள் வைத்ததுதான். ஒரு நாளும் வாய்விட்டு, "நீங்கதான எழுதுறீங்க" என்று கேட்டதில்லை. எனக்காக நடித்தாளா, தனக்காக நடித்தாளா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அந்த நாடகம் அதற்கப்புறம் இரண்டு தடவை நின்று இரண்டு தடவை திரும்பி வந்தது. அவள் ஒரு சனிக்கிழமைகூடத் தவறவிடவில்லை. நடுவுளவனுக்கு நிஜமாகவே டீச்சரோடு கல்யாணம் ஆன வாரம் கடையில் எல்லோரும் கைதட்டினார்கள். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

நீ அக்காவுக்கென்று எழுதிக் கொடுத்து என்னைப் போஸ்ட் பண்ணச் சொன்ன கடிதங்கள் பதினாறும் என் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. "அங்க சண்ட, தபால் போகாது" என்று பிற்பாடு சொன்னேனே, அப்போது எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. சண்டையை நினைத்து நிம்மதிப்பட்டவன் நான், வெட்கமாக இருக்கிறது. உன் அம்மா கோத்தகிரி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நீ மருந்து வாங்கப் போயிருந்தாய், என்னைக் கிட்டே கூப்பிட்டு, "நான் போயிட்டா புஷ்பத்துக்கு எழுதிப் போடுங்க. பாத்துப் பக்குவமா எழுதுங்க, அழுவா" என்றாள். அதைத்தான் கடைசியாகச் சொன்னாள். நான் எழுதவில்லை. யாருக்கு எழுதுவது?

ஆகையால் பத்திரிகையில் நடராஜா பேரையும் ரஞ்சனி பேரையும் எடுத்துவிடு. சம்பந்தி வீட்டில் என் அக்கா மட்டக்களப்பில் குடும்பத்தோடு இருக்கிறாள் என்று சொல்லியிருப்பாய், போய் உண்மையைச் சொல். நல்லதுக்காக என்று எதையாவது மூடி வைத்து உன் மகளைக் கட்டிக்கொடுக்காதே. நானும் நல்லதுக்காக என்றுதான் தொடங்கினேன். மணப்பெண்ணின் அத்தை என்று புஷ்பம் பேரை மட்டும் போடு. டிக்கெட்டைக் கிழிக்க வேண்டாம், பதுளைக்குப் போ. பஜாருக்குப் பின்தெருவில் ஜவுளிக்கடை முதலாளி வீடு எங்கே இருந்தது, அங்கே பிள்ளை பார்த்த பெண் என்ன ஆனாள் என்று கேள். நாற்பது வருஷத்துக்கு முன்னால் நான் போய்க் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. தெரிந்தவர்கள் இன்னும் இருந்தாலும் இருப்பார்கள். அவர்கள் என்ன சொன்னாலும் வந்து எனக்கு அப்படியே சொல்லு, பக்குவமாகச் சொல்லாதே.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதைப் படித்தபின் நீ என்னோடு பேசாமல் போகலாம், அது உன் இஷ்டம். இந்த உறைக்குள் வேறொரு கடிதம் வைத்திருக்கிறேன், நிஜமாகவே புஷ்பம் எழுதியது. கலவரத்துக்கு ஒன்றரை மாதம் முன்னால் வந்தது. உன் அம்மாவுக்கு நான் வாசித்துக் காட்டாத ஒரே கடிதம். அதில் நாடகக் கதை இல்லை. "அப்பா, என் பாஸ்போர்ட் வந்திருச்சு. ஆடி பிறக்கிறதுக்கு முன்னாடி கப்பலில் இடம் இருக்காம். நான் கிளம்பி வரட்டுமா? அம்மாகிட்ட சொல்லாதீங்க, திடீர்னு வாசலில் வந்து நிக்கிறேன், அவங்க மூஞ்சியைப் பார்க்கணும்" என்று எழுதியிருக்கிறாள். நான் அன்றைக்கே பதில் எழுதினேன். ஒரே அறையில் இரண்டு குடும்பம் இருக்கிறோம், வயசுப் பிள்ளையை எங்கே படுக்க வைப்பது, தோட்டத்தில் வீடு தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், அது கிடைத்ததும் ஆவணியில் வா, அதுவரை அங்கேயே இரு என்று எழுதினேன். அவள் சொல்பேச்சு கேட்கிற பிள்ளை. இருந்துவிட்டாள்.

உன் அப்பா